நோயாளியை விசாரிக்கப் போகிறவர்களுக்கு

ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தால், அன்று மாலையே பாதிச் சபை வார்டு வாசலில் நிற்கும். அன்பினால்தான் வருகிறார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒரு நாள்கூட ஆகாதவர், வருகிற ஒவ்வொருவருக்கும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குழுவின் ஜெபம் முடியும்வரை கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது வாரம், வீட்டில் படுத்திருக்கும்போது, எட்டிப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தமக்கே செய்ததாக எண்ணிக்கொள்ளும் காரியங்களில் நோயாளியை விசாரிப்பதும் ஒன்று. இதற்குப் பெரிய பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். போய் வந்த பிறகு படுத்திருப்பவருக்கும் கூட இருப்பவருக்கும் ஒரு சுமையாவது குறைந்ததா என்பதுதான் அளவுகோல். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

கிளம்புவதற்கு முன்

முதலில் போன் செய்யுங்கள். நோயாளிக்கு வேண்டாம், கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு. "வரலாமா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "இன்னைக்கு வரட்டுமா, இல்ல வீட்டுக்கு வந்த பிறகு வரட்டுமா? எது உங்களுக்கு வசதி?" இப்படிக் கேட்டால் மனம் நோகாமல் உண்மையைச் சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கும். அடுத்த கேள்வி, "வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?" "ஒண்ணும் வேண்டாம்" என்பார்கள். "சாப்பாடா, பணமா, ராத்திரி தங்க ஒரு ஆளா?" என்று நீங்களே மூன்றைச் சொன்னால் ஒன்று வெளியே வரும்.

சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மெட்ராஸ் ஐ இதில் எது இருந்தாலும் போகவே கூடாது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தாலும் அப்படியே. சிறு பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு பேர் போதும். பெண் நோயாளி என்றால் அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உடை சரியாக இல்லாத நிலையில், குழாய்கள் பொருத்திய நிலையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம், சாப்பாட்டு நேரம், மதியத் தூக்கம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பார்வையாளர் நேரம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் மாறும். "நான் பாஸ்டர்", "சர்ச்சிலிருந்து வந்திருக்கோம்" என்று சொல்லிக் காவலாளியிடம் வாதாடி நுழைவது சாட்சியாகாது.

படுக்கை அருகில்

உள்ளே போகுமுன் சோப்பு போட்டோ, வார்டு வாசலில் இருக்கும் கை தேய்க்கும் திரவத்தாலோ 20 முதல் 30 வினாடி கையைத் தேய்க்க வேண்டும். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் இவைதான் பலரும் விட்டுவிடும் இடங்கள். வெளியே வரும்போதும் அதையே செய்யுங்கள், ஏனென்றால் அடுத்துப் பார்க்கப் போவது இன்னொரு நோயாளியாக இருக்கலாம். சென்ட், நிறைய மல்லிகைப்பூ இரண்டும் வேண்டாம். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவருக்குக் குமட்டும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும்.

கட்டிலில் உட்காரக் கூடாது. சிறுநீர்க் குழாயோ டிரிப்ஸ் குழாயோ அடியில் மாட்டி இழுபடும். நாற்காலியை இழுத்து, அவர் தலையைத் தூக்காமலேயே உங்கள் முகம் தெரியும் இடத்தில் போட்டு உட்காருங்கள். கையைப் பிடிப்பதானால் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கையை விட்டு மற்றக் கையை. செல்போனை அணைத்துப் பையில் வையுங்கள். போட்டோ எடுக்கவே கூடாது.

வார்டில் 10 நிமிடம், ஐசியு என்றால் 2 நிமிடம். போனவுடனேயே "பத்து நிமிஷம் இருந்துட்டுக் கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். வந்தவரை உபசரிக்க வேண்டுமே என்ற பதற்றம் அப்போதே அடங்கிவிடும். தனியாகக் கிடப்பவர் "இன்னும் கொஞ்சம் இருங்க" என்று கேட்டால் இருக்கலாம். அவர் கேட்க வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது.

சுயநினைவு இல்லாதவர் அருகில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போல் பேசக் கூடாது. காது கேட்கிறது என்றே எண்ணிக்கொண்டு, பெயர் சொல்லி, நீங்கள் யார் என்று சொல்லிப் பேசுங்கள். நோயின் முற்றிய நிலையையும் ஆஸ்பத்திரிச் செலவையும் அந்தக் கட்டிலருகில் பேசவே கூடாது.

எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது

யோபுவைப் பார்க்க எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை (யோபு 2:13). அதுவரை அவர்கள் செய்ததில் குறையே இல்லை. வாய் திறந்து, "நீ ஏதோ செய்திருப்பாய், அதனால்தான் இது" என்று ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தரே அவர்கள்மேல் கோபப்பட்டார் (42:7). பிறவிக் குருடன் ஒருவனைக் குறித்து, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9:3). இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் "ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்று புற்றுநோய் நோயாளியிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை.

"விசுவாசித்தால் கண்டிப்பா சுகம் கிடைக்கும்" என்ற வாக்குறுதியையும் நாம் கொடுக்கக் கூடாது. சுகமாகாவிட்டால் தன் விசுவாசம்தான் குறைவு என்ற பாரத்தையும் அந்த மனிதர் சேர்த்துச் சுமப்பார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் என்று சொன்ன உபாதைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை அவர் நோயாளியாகவே மிலேத்துவில் விட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). சுகத்துக்காகத் தாராளமாக ஜெபியுங்கள். ஆனால் கர்த்தர் சார்பில் தேதி குறிக்காதீர்கள்.

"என் சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான், மூணே மாசத்துல போயிட்டாரு" என்பது போன்ற கதைகள், "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே" என்ற யோசனைகள், "எவ்வளவு இளைச்சுட்டீங்க" என்ற அங்கலாய்ப்பு, மூன்றும் வேண்டாம். "ராத்திரி தூங்கினீங்களா?", "எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" இந்த இரண்டு கேள்வி போதும். அழுதால் அழவிடுங்கள். "அழக் கூடாது, விசுவாசி அழலாமா" என்று தடுக்காதீர்கள். லாசருவின் கல்லறை அருகே இயேசுவே அழுதார்.

வேதவாசிப்பும் ஜெபமும்

முதலில் கேளுங்கள்: "ஜெபிக்கட்டுமா?" விசுவாசியாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் வேண்டாம் என்று இருக்கலாம். அப்போது வெளியே போய் ஜெபித்துக்கொள்ளலாம். ஜெபிக்கச் சொன்னால், "குறிப்பா எதுக்காக?" என்று கேட்டு அதையே ஜெபியுங்கள்.

வாசிப்பு 6 முதல் 8 வசனத்தைத் தாண்ட வேண்டாம். சங்கீதம் 23, 121, 130 எல்லாமே அந்த அளவுக்குள் அடங்கும். மனம் கசந்திருப்பவருக்கு 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று கர்த்தரிடமே கேட்கிற சங்கீதம் அது. தானும் அப்படிக் கேட்கலாம் என்று தெரிவதே பலருக்கு விடுதலை. ஞாபகம் தவறிப்போன முதியவர்களுக்குப் புதிய பகுதி எதுவும் வேண்டாம். சிறு வயதிலிருந்து தெரிந்த சங்கீதத்தையோ பழைய கீர்த்தனையையோ மெல்லத் தொடங்கினால், பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கூடச் சில வேளை கூடச் சேர்ந்து சொல்வார்.

ஜெபம் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். இப்படி: "ஆண்டவரே, அக்காவுக்கு இன்னைக்கு ராத்திரி வலியில்லாம தூக்கம் தாங்க. நாளைக்கு வர்ற பயாப்சி ரிப்போர்ட்டை நினைச்சு பயமா இருக்கு, அந்தப் பயத்துல கூடவே இருங்க. வீட்டுல சின்னவன் பரீட்சை எழுதுறான், அவனைப் பார்த்துக்கோங்க. பார்க்குற டாக்டருக்கும் சிஸ்டருக்கும் ஞானமும் பெலனும் கொடுங்க. இயேசுவின் நாமத்தில் ஆமென்." நோயாளி உண்மையிலேயே பயப்படும் காரியம் ஜெபத்துக்குள் வந்துவிட வேண்டும். அது வராமல் அழகான வார்த்தைகளால் பத்து நிமிடம் ஜெபிப்பதில் பயனில்லை. ஜெபத்துக்குள் அறிவுரையைச் சொருகுவதும் தவறு.

பக்கத்துக் கட்டில்காரர் வேறு மதத்தவராக இருப்பார். அவரையும் பார்த்துச் சிரியுங்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். அவராகக் கேட்காமல் தலையில் கை வைப்பது, தலையணையில் கைப்பிரதி செருகுவது இரண்டும் கூடாது. நகர முடியாமல் படுத்திருப்பவரின் இயலாமையை எதற்காகவும் பயன்படுத்தக் கூடாது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் நோயில்பூசுதலை (நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கை) கடைசி மூச்சுவரை தள்ளிப்போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சாமியார் வந்தால் முடிந்துவிட்டது என்று நோயாளி பயப்படுவார் என்ற எண்ணம் காரணம். பெரிய ஆபரேஷனுக்கு முன்பே, நினைவோடு இருக்கும்போதே அழைக்கலாம், அதுதான் சரி. நற்கருணைக்கு முன் ஒரு மணிநேர உபவாசம் நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் கட்டாயமில்லை. எந்தச் சபையானாலும், திருவிருந்து கொடுக்குமுன் நோயாளியால் விழுங்க முடியுமா என்று வார்டு நர்ஸிடம் கேட்டுவிட வேண்டும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. யாக்கோபு 5:14-இன்படி எண்ணெய் பூசுவதானால் முகத்தில் வேண்டாம், கையில் ஒரு துளி. எண்ணெய்க் கையால் ஆக்சிஜன் குழாயையோ முகமூடியையோ தொடக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை

"ஜெபிச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று யாரும் சொல்லக் கூடாது, பிறர் சொன்னாலும் உடனே மறுக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிர் போகலாம். சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்து இன்சுலினை நம்பியிருப்பவருக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். மனநல மாத்திரையை விட்டவருக்கு நோய் பழையபடி, சில வேளை முன்பைவிடக் கடுமையாக, திரும்பலாம். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் மருத்துவ யோசனைதான் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். உபவாச ஜெபத்தையும் நோயாளிமேல் சுமத்தாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு இறங்கி மயங்கி விழலாம். அவருக்காக நீங்கள் உபவாசம் இருங்கள்.

மனநோயாளியைக் கட்டிவைத்து ஜெபிப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்கே அழைத்துப் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

என்ன எடுத்துப் போவது

ஆப்பிள், ஆரஞ்சு, இளநீர், பிஸ்கட். வழக்கமாக நம் கையில் இருப்பவை இவைதான். இதில் இளநீரைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டயாலிசிஸ் செய்பவருக்கு இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, பழச்சாறு எதையும் கொடுக்கக் கூடாது. இவற்றில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். அவருக்குத் தண்ணீர்கூட அளந்துதான். சர்க்கரை நோயாளிக்குச் சத்துபானப் பொடியும் கிரீம் பிஸ்கட்டும் உதவாது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசை தளர்ந்திருக்கலாம். நீங்கள் ஆசையாக ஊட்டும் ஒரு ஸ்பூன் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடலாம். ஆபரேஷனுக்குப் போகிறவர், முடிந்து வந்தவர் யாரானாலும் சிஸ்டர் சொல்லும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது, "ஒரு வாய் தண்ணி" என்று அவரே கெஞ்சினாலும். கீமோ கொடுத்த 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அந்த நாட்களில் பூங்கொத்து, தோலோடு தின்னும் பழம், வெட்டி வைத்த பழம் மூன்றையும் தவிர்த்து, முடிந்தால் நேரில் போவதையே தள்ளிப்போட்டுப் போனில் பேசுங்கள்.

ஆகவே நோயாளிக்கு வாங்குவதைக் குறைத்துக் கூட இருப்பவருக்கு வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அந்த மனைவியோ மகனோதான் யாரும் கவனிக்காத ஆள். ஒரு துணிப்பையில் பாய், போர்வை, துண்டு, சோப்பு, பேஸ்ட், பிரஷ், ஃப்ளாஸ்க், நீளமான வயர் உள்ள சார்ஜர், பத்து இருபது ரூபாய் நோட்டுகளும் சில்லறையுமாகக் கொஞ்சம் பணம், எழுத ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. சாப்பாடு என்றால் மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ, இரவுக்கு இட்லி. திருப்பிக் கொடுக்க வேண்டாதபடி பழைய டப்பாவில் கட்டிக் கொடுங்கள். யவீருவின் மகளை எழுப்பியதும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றுதான் இயேசு சொன்னார் (மாற்கு 5:43).

அந்த நோட்டு எதற்கு என்றால், டாக்டர் சொன்னது, கொடுத்த மருந்து, எடுக்கச் சொன்ன ஸ்கேன், அதன் தேதி எல்லாவற்றையும் எழுதி வைக்க. பதற்றத்தில் இருப்பவர்களுக்கு டாக்டர் சொல்வதில் பாதி மனதில் நிற்காது. படித்த இளைஞர் ஒருவர் ரவுண்ட்ஸ் நேரத்தில் கூட நின்று எழுதிக் கொடுப்பது பெரிய ஊழியம்.

கையால் செய்ய வேண்டியவை

திமிர்வாதக்காரனை நான்கு பேர் இயேசுவிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில்லாததால் கூரையைப் பிரித்து இறக்கினார்கள் (மாற்கு 2). நம் காலத்தில் அந்தக் கூரை பெரும்பாலும் காகிதம்தான். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியை விட்டு நகர முடியாத குடும்பத்துக்காக இந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். காசநோயாளிக்குச் சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசிடமிருந்து வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு இல்லாததால் பலருக்கு அது நின்றுபோகிறது.

இரத்தம் கேட்டு வாலிபர் ஐக்கியக் குழுவில் செய்தி போடுவதைவிட, முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்திருப்பது நல்லது. பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், மயக்கம் வரும்.

பணம் கொடுப்பதானால் கவரில் வைத்து, வீட்டில் செலவைப் பார்ப்பவர் கையில், தனியாகக் கொடுங்கள். கடனா காணிக்கையா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். சபையில் பெயர் வாசிக்க வேண்டாம்.

ரகசியத்தைக் காப்பதும் இதே அளவு முக்கியம். "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கர்ப்பப்பை ஆபரேஷன், எச்ஐவி, மனநோய், தற்கொலை முயற்சி எதையும் குழுவில் எழுதக் கூடாது. "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும். எந்த வார்த்தையில் அறிவிக்கலாம் என்று குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே அறிவியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்து, திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொல்லிப் போனான் (லூக்கா 10:35). விசாரிப்பில் நாம் தவறவிடுவது இந்தத் திரும்பி வருதலைத்தான்.

சபையிலோ அன்பியத்திலோ (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவிலோ) ஒருவர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். டிஸ்சார்ஜ் ஆன நாள், அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள், யார் எந்தக் கிழமை போவது. முதல் வாரம் இரண்டு முறை, பிறகு இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, அதற்குப்பின் மாதம் ஒருமுறையாவது. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணிநேரம். அதில் ஒரு நாளுக்காவது ஆட்டோவோ, பைக்கோ, கூடப் போக ஒரு ஆளோ ஏற்பாடு செய்தால் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போக முடியும். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். இரவெல்லாம் கண் விழித்து இதைச் செய்யும் மருமகளுக்கு, வாரத்தில் ஒரு மதியம் நீங்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் அவர் மூன்று மணிநேரம் தூங்குவார். புரட்டும் முறையை முதலில் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். இழுத்தால் தோல் உரியும், விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்கித் திருப்ப வேண்டும்.

ஒப்புக்கொண்ட நாளில் போக முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்து, உங்களுக்குப் பதில் வருபவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். அந்த மதியத்தை நம்பித்தான் அவர்கள் ரேஷன் கடைக்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ போக நினைத்திருப்பார்கள்.